அம்மாவுக்கு எல்லாமே பூச்சி

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். பதினொன்றாம் வகுப்பு. விலங்குலகத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே படம் ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.

"அத்த, நீதானே விலங்கியல் படிச்சவ. ஒரு தடவ பார்த்துக் குடு."

விரித்துப் பார்த்தேன். துளையுடலிகளுக்குக் கடற்பஞ்சு, குழியுடலிகளுக்கு ஜெல்லிமீன், முட்தோலிகளுக்கு நட்சத்திர மீன். நட்சத்திர மீன், மீனே இல்லை என்பதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பாட்டில் மருந்தில் ஊறிய உருப்படியைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். முட்தோலிகள் கடலைவிட்டு வெளியே வந்ததே கிடையாது. அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வளைதசைப்புழுக்கள் கட்டத்தில்தான் சறுக்கியிருந்தாள். மண்புழு, அட்டை, மூன்றாவதாக வெள்ளை வெளேரென்று ஒரு பட்டுப்புழு.

"பேர்லயே புழு இருக்குதே அத்த."

சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை. இதே தப்பை இதே வகுப்பில் அரையாண்டுத் தேர்வில் நான் செய்திருக்கிறேன். போனது ஒரே ஒரு மார்க். ஆனால் டீச்சர் பேப்பரைக் கொடுக்கும்போது, "உங்க வீட்டுல அதத்தானே வளர்க்கிறாங்க?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

வளர்க்கத்தான் செய்கிறோம். அம்மாவிடம் தொகுதி என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று தேர்தல் தொகுதி, மற்றது முட்டைத் தொகுதி, அதாவது ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள். இந்த முறை 150 தொகுதி. இளம்புழுக்களை வளர்த்துக் கொடுக்கும் சாக்கி சென்டரிலிருந்து இரண்டு தோல் உரித்த குஞ்சுகளாக வந்தவை, இப்போது ஐந்தாம் பருவத்தில் விரல் நீளத்துக்கு நெளிந்துகொண்டிருந்தன. புழுப் பருவம் முழுக்கத் தின்னும் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான் உள்ளே போகும். அம்மாவுக்குத் தூக்கம் போவதும் இந்த வாரம்தான்.

ப்ளீச்சிங் தண்ணியில் காலை நனைத்துவிட்டு இருவரும் ஷெட்டுக்குள் போனோம். ஒரு புழுவை எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டேன்.

"எத்தன காலு, எண்ணு."

முதலில் பதினாறு என்றாள். எண்ணிக்கை சரிதான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரிக் கால் அல்ல. தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி, கொக்கி மாதிரிக் கூராக, கணுக்கணுவாக இருப்பவைதான் நிஜக் கால்கள். அவற்றால்தான் தழையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுக்குக் கீழே நாலு ஜோடியும் வால் முனையில் ஒரு ஜோடியும் வெறும் சதைக்குமிழ்கள். விரலிலிருந்து பிய்த்தெடுத்தால் ஒட்டிக்கொண்டு வர மறுக்குமே, அது இந்தக் குமிழ்களின் வேலை. அந்துப்பூச்சியாக வெளிவரும்போது அவை இருக்காது, மூன்று ஜோடி மட்டும் மிஞ்சும். ஆறு கால், அதாவது பூச்சி. கணுக்காலிகள் என்ற தொகுதியில் பூச்சி வகுப்பு.

பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிகின்றனவே, ஒன்பது ஜோடி, மூச்சுத் துளைகள். முதுகின் நடுக்கோட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கச் சொன்னேன். தோலுக்கு அடியில் ஏதோ அலைபோல ஓடி ஓடி மறைந்தது.

"துடிக்குது அத்த!"

இதயம். நமக்கு நரம்புத் தண்டு முதுகில், இதயம் முன்பக்கம். இதற்குத் தலைகீழ்: இதயம் முதுகில், நரம்பு வயிற்றுப்பக்கம். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் நல்ல டீச்சர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்து மல்பெரித் தோட்டத்து வாய்க்கால். மண்வெட்டியால் ஒரு கொத்து, இரண்டு மண்புழு. காலே இல்லை. வாலிலிருந்து தலைப்பக்கம் விரலால் தடவினால் சொரசொரக்கும், அந்த நுண்முட்களை ஊன்றித்தான் நகர்கிறது. மூச்சுத் துளை கிடையாது, ஈரத்தோலே நுரையீரல். அரிஸ்டாட்டில் விலங்குகளை இரத்தமுள்ளவை, இரத்தமற்றவை என்று இரண்டாகப் பிரித்தார். சிவப்பு இரத்தம்தான் அவருக்குக் கணக்கு. எங்கள் வாய்க்காலில் ஒரு முறை மண்வெட்டி போட்டிருந்தால் அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். மண்புழுவுக்கு ஓடுவது சிவப்பு இரத்தம், முதுகெலும்போ கிடையாது.

புழு என்ற சொல் எல்லா ஊரிலும் வம்பு செய்திருக்கிறது. 1758ல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் விலங்குலகத்தை ஆறு வகுப்பாகப் பிரித்தபோது, பூச்சியிலும் மீனிலும் சேராத புழு, நத்தை, ஜெல்லிமீன், நட்சத்திர மீன் எல்லாவற்றையும் 'வெர்மிஸ்', அதாவது புழுக்கள், என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்தார். ஆனால் பட்டுப்புழுவை அவர்கூட அந்த மூட்டையில் போடவில்லை, பூச்சியோடுதான் வைத்தார். நானும் அண்ணன் மகளும்தான் போட்டோம். தொல்காப்பியத்தில் நண்டையும் தும்பியையும் நாலறிவு என்று ஒரே வரியில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். அங்கே கணக்கு புலன்களை வைத்துத்தான், இருந்தாலும் இரண்டும் இன்று கணுக்காலிகள்தான்.

திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"இதுல என்னாடி இருக்குது? பூச்சி வளர்க்கிறேன்னுதானே நானும் சொல்றேன். எவன் புழுன்னு சொன்னது?"

உண்மைதான். இந்தப் பக்கம் யாரும் 'பட்டுப்புழு வளர்க்கிறேன்' என்று சொல்வதில்லை, 'பூச்சி வளர்க்கிறோம்' என்பார்கள். எங்களைக் குழப்பியது பாடப்புத்தகத் தமிழ்.

விட்டிருக்கலாம். நான் அம்மாவை மடக்கப் பார்த்தேன். "பசங்களுக்கு வயித்துல பூச்சின்னு ஸ்கூல்ல மாத்திரை குடுக்கிறாங்களே, அதையும்தான் நீ பூச்சிங்கிற. அது உருளைப்புழும்மா, வேற தொகுதி." சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. நான் படித்த காலத்தில், உடம்பு வளையம் வளையமாக இருப்பதால் மண்புழுவும் பூச்சிகளும் நெருங்கிய சொந்தம் என்றுதான் பாடம். 1997ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அந்தச் சொந்தத்தை வெட்டிவிட்டார்கள். வளர வளரத் தோலை உரித்துப்போடும் விலங்குகள் எல்லாம் ஒரே கிளை என்றார்கள். கணுக்காலிகளும் உருளைப்புழுக்களும் அங்கே ஒன்றாக. மண்புழு போய் நத்தை, மட்டி இவற்றின் பக்கம் சேர்ந்துகொண்டது. பட்டுப்புழு கூடு கட்டுவதற்குள் நாலு முறை தோல் உரிக்கும். வயிற்று உருளைப்புழுவும் பெரிதாவதற்குள் நாலு முறை. ஆக, ஷெட்டில் தழை தின்பதற்கு நெருங்கிய உறவு வாய்க்கால் மண்புழு அல்ல, குழந்தையின் குடலில் இருப்பது.

அம்மா இத்தனை வருஷமாக இரண்டையும் பூச்சி என்றும், மண்புழுவை மட்டும் புழு என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அப்ப பாட்டி சொல்றதுதான் கரெக்டா?" என்று சின்னவள் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து, பட்டுப்புழுப் படத்தைக் கணுக்காலிகள் கட்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தேன். அங்கே ஏற்கனவே நண்டு, தேள், ஈ மூன்றும் இடத்தை அடைத்திருந்தன. ஈயின் மேல் பாதி ஏற்றித்தான் ஒட்ட முடிந்தது. பொருத்தம்தான். பட்டுப்புழு மேல் முட்டை வைத்து, உள்ளே துளைத்துத் தின்று, கூட்டையே ஓட்டையாக்குகிற ஊசி ஈயும் இதே கட்டம்தான்.

ராத்திரி ஒன்பதரை. கடைசித் தழை போட நாங்கள் இருவரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அம்மாவின் குரல்:

"டார்ச் எடுத்துனு போங்க. வரப்புல பூச்சி பொட்டு கெடக்கும்."

இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பு என்று அம்மா சொல்ல மாட்டார். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத்த, அது எந்தக் கட்டம்?"

"முதுகுநாணி. ஊர்வன. கீழ பார்த்து நட."