எண்ணெய் ஊரில் எண்ணெய் வாசம் இல்லை

நார்வேயின் எண்ணெய்த் தலைநகரம் ஸ்டவாங்கர் என்று கணவர் சொன்னபோது நெய்வேலிக்காரியான எனக்கு மனதில் வந்தது புகைபோக்கி, தூசி, ஷிப்ட் சைரன். 2021 இலையுதிர் காலத்தில் சோலா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மூக்கில் ஏறியது மழையும் சாணமும் கலந்த வாசம். சுற்றிலும் பால் பண்ணைகள். ஊருக்குள் வெள்ளை மரவீடுகள், மீன்பிடித் துறைமுகம். எண்ணெய் எங்கே என்று கேட்டேன். அது கடலுக்குள் இருக்கிறது, முதன்முதலாகப் பெரிய அளவில் கிடைத்த எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலுக்கே இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் போகவேண்டும் என்றார்.

"எண்ணெய் ஊராச்சே, பெட்ரோல் தண்ணி விலைக்குக் கிடைக்குமே" என்று அம்மா போனில் கேட்டாள். சென்னை விலையே தேவலை. வரி அப்படி. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்கள். 2024இல் இந்த நாட்டில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அதுதான். எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குவதையும் 2020இலிருந்து தடை செய்துவிட்டார்கள். மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருகிறது. தோண்டி எடுக்கும் எண்ணெயும் எரிவாயுவும் கப்பலிலும் கடலடிக் குழாயிலும் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் இன்னும் எங்கெங்கோ போய்விடுகின்றன. எங்கள் ஊரில் தோண்டிய கரி அங்கேயே எரிந்து எங்கள் வீட்டு விளக்குக்கு வந்தது. இங்கே எடுப்பவர் ஒருவர், எரிப்பவர் வேறொருவர்.

அந்த முதல் குளிர்காலத்தில் எல்லா அறையிலும் சுவர் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, வெறுங்காலோடு ராணி மாதிரி உலவினேன். டிசம்பர் பில்லைப் பார்த்ததும் கம்பளிக் காலுறை வாங்கப் போனேன். அந்த வருஷம் ஐரோப்பா முழுக்க விலை ஏறி, அரசே பில்லில் ஒரு பங்கை ஏற்கும்படி ஆகியிருந்தது.

நான் எண்ணெயைப் பார்த்தது எதிர்வீட்டுக்காரர் வழியாகத்தான். இரண்டு வாரம் காணாமல் போவார். பிறகு நாலு வாரம் வீட்டிலேயே இருந்து வேலிக்குச் சாயம் அடிப்பார். ஏதோ குடும்பத் தகராறு என்றுதான் நினைத்தேன். ஹெலிகாப்டரில் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்குப் போய் இரண்டு வாரம் வேலை, நாலு வாரம் ஓய்வு, அதுதான் கணக்கு என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்தால் தண்ணீருக்கடியில் எப்படி வெளியேறுவது என்று பயிற்சி எடுக்காமல் யாரும் அங்கே போக முடியாதாம். அதற்கப்புறம் மேலே அந்தச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

போன ஜூனில் அப்பா வந்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். துறைமுகத்தில் இருக்கும் எண்ணெய் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். எக்கோஃபிஸ்க் கதைதான் அவரைப் பிடித்து நிறுத்தியது. அங்கே எண்ணெய் இருப்பது சுண்ணாம்புப் பாறையில். எண்ணெயை உறிஞ்ச உறிஞ்சப் பாறை நசுங்கி, கடல்தரையே இறங்கிவிட்டது. 1987இல் மேடைகளின் காலை வெட்டி, ஜாக்கி கொடுத்து ஆறு மீட்டர் தூக்கினார்கள். பாறைக்குள் கடல்நீரையும் பெரிய அளவில் செலுத்தத் தொடங்கினார்கள்.

அப்பா சிரித்துவிட்டார். "நாங்க தரை மேல பொங்கிடக் கூடாதுன்னு ராத்திரி பகலா தண்ணிய வெளியே தள்ளினோம். இவங்க உள்ளே தள்றாங்க." நெய்வேலியில் கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கும், பம்பு நின்றால் சுரங்கத் தரை தாங்காது.

அவருக்கு ஃபாரூக் அல்-காசிம் கதையையும் சொன்னேன். இராக்கின் பஸ்ரா நகரத்துப் புவியியலாளர். நார்வேக்காரி மனைவியோடு, மகனின் வைத்தியத்துக்காக 1968இல் இங்கே வந்தார். ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஆஸ்லோவில் அமைச்சகத்துக்குள் நுழைந்து எண்ணெய்க் கம்பெனிகளின் பட்டியல் கேட்டவருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அள்ளியவரை லாபம் என்று பாதி எண்ணெயைப் பாறையிலேயே விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர் ஆனார். வேலை தேடி இங்கே விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்ட எனக்கு அந்த ரயில் நிலையக் கதை மேல் கொஞ்சம் பொறாமை.

அலெக்சாண்டர் ஷெலான் மேடையின் முறிந்த இரும்பு முன்னால் அப்பா பேசவில்லை. 1980 மார்ச் 27 அன்று தொழிலாளர்கள் தங்கும் அந்தக் கடல் மேடை ஒரு கால் ஒடிந்து கவிழ்ந்ததில் 123 பேர் இறந்தார்கள். "எந்த ஷிப்ட்?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம், வேலை முடிந்து ஓய்வில் இருந்தவர்கள் நிறைய பேர் என்றேன்.

அன்று இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். பொதுமொழி கிடையாது. அவர் இரண்டு விரலைக் காட்டிக் கடலைக் காட்டினார்; நாலு விரலைக் காட்டித் தன் வீட்டைக் காட்டினார். அப்பா கொஞ்சம் யோசித்து மூன்று விரலை நீட்டி, தலைக்குக் கீழே கை வைத்துத் தூங்குவதுபோல் பாவனை செய்து, இல்லை என்று தலையாட்டினார். மூன்று ஷிப்ட், தூக்கம் கிடையாது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உள்ளே போய்க் காபி எடுத்துவந்தார்.