முள்ளங்கிப் பிள்ளையார்

டோக்கியோவில் இறங்கிய மறுநாள் காலை, அசாகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயிலில் என் தோழி நூறு யென் போட்டுவிட்டு ஒரு தகர உருளையைக் குலுக்கினாள். துளை வழியாக ஒரு குச்சி எட்டிப் பார்த்தது. அதில் இருந்த எண்ணைப் பார்த்து, அந்த எண் இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தாள். "கெட்டது" என்று வந்திருந்தது. நோய் தீராது, தொலைந்த பொருள் கிடைக்காது, பயணம் கூடாது.

நம்மூர்க் கிளி இப்படிக் கழுத்தறுக்காது. ஆனால் சென்சோஜி சீட்டு இதற்குப் பேர்போனதாம். நூற்றுக்கு முப்பது சீட்டு கெட்டதாகவே வரும், அந்தப் பழைய கணக்கை அவர்கள் மாற்றவே இல்லை. பரிகாரமும் அங்கேயே உண்டு. கெட்ட சீட்டை மடித்துப் பக்கத்துக் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். அவள் இரண்டு முடிச்சு போட்டாள். அப்படியும் முகம் தெளியவில்லை.

"பக்கத்துல பிள்ளையார் கோயில் ஏதாவது இருக்காடி?" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவள் ஸ்ரீரங்கத்துக்காரி, பிள்ளையாரைத் தும்பிக்கை ஆழ்வார் என்று சொல்லி வளர்ந்தவள். நான் உச்சிப் பிள்ளையார் நிழலில் வளர்ந்தவள். கல்லூரியிலிருந்தே எங்களுக்குள் இந்தச் சண்டை உண்டு. போனில் தேடினேன். இருந்தது, பத்துப் பதினைந்து நிமிட நடையில்.

சுமிதா ஆற்றோரமாக நடந்தோம். 628-இல் இரண்டு மீனவச் சகோதரர்கள் இந்த ஆற்றில்தான் வலை வீசினார்கள், வலையில் கருணையே உருவான பௌத்த தெய்வம் கன்னோனின் சிலை வந்தது, அதிலிருந்துதான் சென்சோஜியே என்பது தல புராணம். நாங்கள் தேடிப் போன கோயிலின் பெயர் மாட்சுச்சியாமா ஷோடென். ஷோடென் என்பது ஜப்பானில் பிள்ளையாருக்குப் பெயர், யாமா என்றால் மலை. மலை என்று பெயர், உயரம் என்னவோ மூன்று மாடி வீட்டளவுகூட இராது. அதற்கும் வயதானவர்களுக்காக ஒரு குட்டி ரயில் வைத்திருக்கிறார்கள். திருச்சியில் மூச்சு வாங்கப் படியேறியவளுக்கு இது ஒரு மலையா? ஆனாலும் உச்சிப் பிள்ளையார் உச்சிப் பிள்ளையார்தான்.

படிக்கட்டு, விளக்குத்தூண், கூரை என்று கண்ட இடமெல்லாம் இரண்டு சின்னங்கள்: ஒரு சுருக்குப் பை, ஒன்றையொன்று தழுவிய இரட்டை முள்ளங்கி. சுருக்குப் பை வியாபாரம் செழிக்க. முள்ளங்கி உடல்நலத்துக்கும் குடும்ப ஒற்றுமைக்கும். வாசலில் பூ விற்பதுபோல இங்கே முள்ளங்கி விற்கிறார்கள், முழங்கை நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று. மனசில் இருக்கும் கோபம் என்ற விஷத்தை அந்த முள்ளங்கியாக இறக்கி வைத்துவிடுகிறோம் என்று விளக்கம். பழைய வடநாட்டுச் சிற்பங்கள் சிலவற்றில் பிள்ளையார் கையில் முள்ளங்கி இருப்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நாம் மறந்துவிட்டோம், இவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சாமி தெரியவில்லை. தெரியவும் தெரியாது. ஷோடென் மூர்த்தம் யார் கண்ணுக்கும் காட்டாத ரகசியம். யானைத் தலையோடு இரண்டு உருவம் கட்டித் தழுவி நிற்கும். வினாயகனின் முரட்டுத்தனத்தை அடக்கக் கன்னோன்தான் பெண் வடிவெடுத்து வந்து தழுவிக்கொண்டாள் என்று கதை. மூடிய கதவுக்குப் பின்னால் குருமார் மட்டும் பூஜை செய்கிறார்கள். என்ன பூஜை தெரியுமா? காய்ச்சிய நல்லெண்ணெயைச் சாமி தலையில் திரும்பத் திரும்ப ஊற்றுகிறார்கள். எண்ணெய்க் காப்பு! தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. தோப்புக்கரணம் மட்டும் போட்டோம், மூன்றே மூன்று. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருப்பார்.

வெளியே வரும்போது, படைத்து இறக்கிய முள்ளங்கிகளை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். பிரசாதம். விட்டுவிட்டு வர முடியுமா? இரண்டரைக் கிலோ முள்ளங்கியோடு நாங்கள் ஜப்பான் சுற்ற ஆரம்பித்தது இப்படித்தான்.

மறுநாள் ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் கியோட்டோ. தோள்பையிலிருந்து இரண்டு முள்ளங்கியும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. அன்று ராத்திரி விடுதி அறையில் ஒன்றை வட்டவட்டமாக நறுக்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடியில் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். வேறு வழியும் இல்லை. ஜப்பானில் சைவம் என்று கேட்டால் இறைச்சி இல்லாமல் கொடுப்பார்கள். ஆனால் குழம்போ சாறோ எதுவானாலும் அடியில் காய்ந்த மீன் கொதித்திருக்கும். மூன்று நாளாக அவள் வாழைப்பழத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பொன் கோயில், ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரண வரிசை எல்லாம் பார்த்தோம். படத்தில் இருப்பது போலவே இருக்கின்றன, கூட்டம்தான் படத்தில் இல்லை. எனக்கு உண்மையில் உடம்பு சிலிர்த்தது சஞ்சூசங்கென்தோவில். நூற்றிருபது மீட்டர் நீள மண்டபம், அரையிருட்டு, ஆயிரத்தொரு கன்னோன். நடுவில் ஒரு பெரிய உருவம் அமர்ந்திருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாக நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் காவலாக இருபத்தெட்டுப் பரிவார தேவதைகள். ஒவ்வொரு பீடத்திலும் பெயர்ப் பலகை. போன்தென் என்றால் பிரம்மா. தைஷாகுதென், இந்திரன். மகேய்ஷுரா, நம் மகேசுவரன். கருடா இங்கே கருரா, இறக்கை விரித்து நின்று புல்லாங்குழல் வாசிக்கிறார். தோழி அவர் முன்னால் அசையாமல் நின்றுவிட்டாள். "எங்க பெரிய திருவடி குழல் ஊதி நான் பார்த்ததே இல்லடி." படம் எடுக்க விடமாட்டார்கள். நல்லதுதான்.

கியோன் பகுதியில் கமேயா கியோநாகா என்று ஒரு இனிப்புக் கடை, 1617-லிருந்து நடக்கிறது. ஷோடெனுக்குப் படைக்கும் பலகாரம் அங்கே கிடைக்கும் என்று படித்திருந்தேன். பெயர் கன்கிதான். 'கன்கி' என்றால் ஆனந்தம், 'தான்' என்றால் உருண்டை. மோதகம் என்ற சொல்லுக்கும் ஆனந்தம் தருவது என்றுதான் பொருள். பெயரைக்கூட மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள்! பெட்டியைத் திறந்தால் அதே மோதகம், மேலே எட்டு மடிப்பு வைத்துச் சுருக்கிய சுருக்குப் பை வடிவில், நல்லெண்ணெயில் பொரித்து எடுத்தது. உள்ளே தேங்காய்ப் பூரணம் இல்லை. சிவப்புப் பயறு அரைத்த பூரணம், அதில் சந்தனம், பட்டை என்று ஏழு வாசனைப் பொருள். மேல்தோல் கல் மாதிரி. என் கடைவாய்ப் பல் என்ன ஆகுமோ என்று பயந்தபடி கடித்தேன். உடைந்ததும் மூக்கில் ஏறிய வாசம் பச்சைக் கற்பூரம் போட்ட தீர்த்தத்தின் வாசம்.

"இது பெருமாள் கோயில் கொழுக்கட்டை" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். விட்டுக்கொடுத்தேன்.

நாராவுக்கு ஒரு பகல் போய்வந்தோம். மான்கள் பையைக் கடித்து இழுத்தன, மிச்சமிருந்த முள்ளங்கியின் மணம் பிடித்திருக்கும். அங்கே தோதைஜி கோயிலின் பதினைந்து மீட்டர் புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736-இல் வந்தவர், ஊர் திரும்பவே இல்லை. கண் எழுதிய தூரிகையில் நீளமாக நூல் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். கும்பாபிஷேகத்தில் கலசத்துக் கயிற்றைத் தொட்டுக் கும்பிட முண்டியடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கோயாசான். ஒசாகாவிலிருந்து மலை ரயில், பிறகு இழுவை ரயில். ரயில் நின்ற கடைசி நிலையத்தின் பெயருக்குச் சொர்க்கப் பாலம் என்று பொருள். 816-இல் கூக்காய் என்ற மகான் நிறுவிய துறவியர் ஊர். பெண்களுக்கு 1872 வரை தடை இருந்தது. எல்லையிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பிய பெண்களுக்கான மண்டபம் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது இரண்டு பேருக்கும் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்லத்தான் வேண்டும்.

கோயிலிலேயே தங்கினோம். சாப்பாடு வந்தது: எள் அரைத்துச் செய்த தோஃபு, கடற்பாசியும் காளானும் போட்ட சாறு, சோறு, ஊறுகாய். மீன் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. தோழி சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கினாள். பரிமாறிய இளம் துறவிக்குச் சிரிப்பு.

காலையில் ஓக்குனோயின் போனோம். வானளாவிய தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர், இருபுறமும் இரண்டு லட்சத்துக்கு மேல் சமாதிகள், பாசி படிந்து. கடைசியில் கூக்காய் இருக்கிறார். 835-இல் இறந்தார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தியானத்தில் அமர்ந்திருக்கிறார். மந்திராலயம் போய்வந்த நமக்கு இது புதிதில்லை. தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது.

பத்தரைக்கு நின்றோம். வெள்ளை மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு துறவிகள், அவர்களுக்கு முன்னால் ஒரு மூத்தவர். வழியில் ஜிஸோ என்ற போதிசத்துவருக்கு ஒரு சின்ன சன்னதி, சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பது அவர் வேலை. அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். பாலத்துக்கு அப்பால் தொப்பி கூடாது, கேமரா கூடாது. தோழி குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினாள்.

"மடப்பள்ளியிலேருந்து தளிகை போகுதுடி" என்றாள் மெதுவாக.

உள்ளே என்ன இருக்கும் என்று நான் எட்டிப் பார்த்தேன். பெட்டி மூடியிருந்தது.

"முள்ளங்கியாத்தான் இருக்கும்" என்றாள்.