பார்பராவைத் திட்டுறதுக்கு முதல்

நல்லூரில 1818ல வந்து இறங்கின சி.எம்.எஸ் (சேர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனைப் பற்றி எங்கட ஆக்கள் நல்லாக் கதைப்பினம், ஆனா அந்தச் சங்கத்தை 1799ல லண்டனில தொடங்கின கிளாப்பம் கூட்டத்திட (கிளாப்பம் எண்ட இடத்தில இருந்த கிறிஸ்தவ சிநேகிதர்மார்) வீட்டுப்பாடு ஒருத்தருக்கும் தெரியாது. அடிமை வியாபாரத்தை நிப்பாட்டப் போராடின அதே ஆக்கள்தான். (எங்கட யாழ்ப்பாணத்து வீடுகளிலயும் அடிமையள் இருந்தவை, 1844லதான் சட்டப்படி முடிஞ்சது, அதையும் நாங்கள் கதைக்கிறேல்ல.)

அந்தக் கூட்டத்தில பெரிய ஆளான பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் 1797 ஏப்ரலில பார்பரா ஸ்பூனரைச் சந்திக்கிறார், மே 30 கலியாணம், சிநேகிதர்மார் கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொல்லியும் மனுசன் கேக்கேல்ல. 1798க்கும் 1807க்கும் இடையில ஆறு பிள்ளையள். பாராளுமன்றத்தில அடிமை வியாபாரத்தை நிப்பாட்டிற சட்டத்துக்காக அவர் மல்லுக்கட்டின காலமும் அதேதான், 1807லதான் சட்டம் வந்தது. ஒருநாள் பிள்ளை ஒண்டைத் தூக்க அது வீரிட்டு அழுதிட்டுதாம், புதுஆக்களைக் கண்டா இவன் இப்பிடித்தான் எண்டு பிள்ளை பாக்கிற பொம்பிளை சொன்னவவாம். தகப்பனிட்டயே! அதுக்குப் பிறகும் கன நாள் போய், 1808லதான் பாராளுமன்றத்துக்குக் கிட்டவா வீடு மாறினவை.

பார்பராவுக்கு வீட்டு நிர்வாகம் வராது, எப்பவும் பதட்டம் எண்டு வந்து போன ஆக்கள் குறை சொல்லியிருக்கினம். எனக்கு இதில சரியான கோவம். காலமைச் சாப்பாட்டுக்கே வீடு நிறைய ஆக்கள், வேலை செய்ய ஏலாமப் போன பழைய வேலைக்காரரையும் ஐயா நிப்பாட்டமாட்டார், அது நல்ல மனசுதான் ஆனா சமாளிக்கிறது ஆர், ஆறு பிள்ளையளோட அந்த மனுசிதானே?

பிறகு மூத்தவன் வில்லியம் பால்பண்ணை பிசினஸ் எண்டு இறங்கிக் காசெல்லாம் அழிச்சுப் போட்டான். கடனைத் தகப்பன் தன்ர தலையில போட்டுக்கொண்டு இருந்த வீட்டையே விட்டிட்டு, கடைசிக் காலத்தில மற்றப் பெடியள் ரொபர்ட் வீட்டில கொஞ்ச நாள் சாமுவேல் வீட்டில கொஞ்ச நாள் எண்டு, எங்கட ஊர்க் கிழடுகள் மாதிரி முறை வைச்சு இருந்திருக்கினம் அவரும் பார்பராவும். 1833 யூலை 29 அவர் செத்தார், வியாபாரத்தை மட்டுமில்லாமல் அடிமைமுறையையே ஒழிக்கிற சட்டம் பாராளுமன்றத்திட கொமன்ஸ் சபையில நிறைவேறப் போகுது எண்ட செய்தி வந்து மூண்டு நாளில. பார்பரா 1847 வரைக்கும் இருந்தவ.

1838ல ரொபர்ட்டும் சாமுவேலும் சேர்ந்து அப்பாவிட வரலாற்றை அஞ்சு வொல்யூமில எழுதி வெளியிட்டவை. அம்மாவுக்கெண்டு ஒரு வொல்யூமும் இல்லை.