விரலை மட்டும் விடாத பழைய தோல்

வீட்டில் செல்லமாக வளர்க்கும் ஓணான் வகைப் பிராணியான பியர்டட் டிராகன், பாம்பு மாதிரி தோலை ஒரே சட்டையாகக் கழற்றிப் போடாது. தலையில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம் என்று தவணை முறையில்தான் உரியும். குட்டிக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை உரியும். வளர்ந்ததற்கு வருடத்தில் சில தடவைதான்.

எங்களுடையது வளர்ந்த ஆண். இந்த முறை முதலில் நிறம் மங்கிச் சாம்பல் பூத்தது. தீனியில் நாட்டமில்லை, தொட்டால் தாடியை, அதாவது தொண்டைக்குக் கீழுள்ள முள்முள்ளான தோலை, கறுப்பாக்கி முறைத்தது. நடுநடுவே கண்களைப் பிதுக்கிக் காட்டியது. முதல்முறை பார்ப்பவருக்கு வயிறு கலங்கிவிடும். தோல் உரியும் சமயத்தில் டிராகன்கள் இப்படிச் செய்வது சகஜம்.

உடம்புத் தோலில் நான் கையே வைக்கவில்லை. விளக்கடியில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, 30-40 சதவீத ஈரப்பதம், உரசிக்கொள்ளச் சொரசொரப்பான ஒரு கட்டை, அவ்வளவுதான். தொங்குகிற தோலைப் பார்த்தால் கை பரபரக்கும்தான். ஆனால் அடியில் புதுத் தோல் முற்றாமல் இருந்தால், இழுத்த இடம் கிழிந்து புண்ணாகிவிடும்.

சிக்கல் வந்தது விரலில். உடம்பெல்லாம் உரிந்து பளிச்சென்று ஆன பிறகும், பின்னங்கால் விரல் ஒன்றில் பழைய தோல் வளையமாகச் சுருங்கி நின்றது. அந்த வளையம் இறுகி ரத்த ஓட்டத்தை அடைத்தால் விரல் நுனி கறுத்துக் காய்ந்து விழுந்துவிடும். வால் நுனிக்கும் இதே கதிதான்.

தினமும் மாலையில், தோளுக்குக் கீழே நிற்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் விட்டேன். (தண்ணீரிலேயே கழிந்து வைக்கும், உடனே மாற்றிவிட வேண்டும்.) அப்புறம் மிருதுவான பல் பிரஷ்ஷால் நகத்தை நோக்கி லேசாகத் தேய்த்தேன். சில குளியலுக்குப் பிறகு வளையத்தின் ஓரம் வெளுத்துத் தூக்கியது. மறுநாள் பிரஷ்ஷோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: செதில் வரிகள் அப்படியே பதிந்த, கண்ணாடி போன்ற ஒரு துணுக்கு. அதன் அடியில் விரல் கொஞ்சம் வீங்கியிருந்தது. நிறம் மட்டும் பக்கத்து விரலைப் போலவே இருந்ததால் நிம்மதி. வீக்கமும் தானாக வடிந்தது.

கறுத்திருந்தால் நேரே மருத்துவரிடம் போயிருப்பேன். தோல் மஞ்சளாகித் தடித்துப் பொருக்குத் தட்டினாலும் அப்படித்தான். அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், குளியலுக்கு மசியாது. இப்போதெல்லாம் உரிந்து முடிந்ததும் டார்ச் அடித்து இருபது விரலையும் வால் நுனியையும் பார்த்துவிடுகிறேன்.