டிரெய்லரை மாட்டினால் கணக்கே வேறு

2025 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 லைட்னிங் என்ற முழு மின்சார பிக்கப் வண்டியின் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த லைட்னிங் பெட்ரோல் ஜெனரேட்டரோடு வரும், மொத்தம் 700 மைலுக்கு மேல் ஓடும் என்றது. அதற்கு மூன்று மாதம் முன்பே ராம், ஜீப் வண்டிகளைத் தயாரிக்கும் ஸ்டெல்லான்டிஸ் தன் முழு மின்சார ராம் 1500 பிக்கப் திட்டத்தைக் கைவிட்டு, அதற்கு வைத்திருந்த ரெவ் என்ற பெயரை ராம்சார்ஜர் என்ற ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வண்டிக்குச் சூட்டிவிட்டது. ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்றால் சக்கரத்தை மின்மோட்டார் சுழற்றும், பெட்ரோல் இன்ஜின் மின்சாரம் மட்டும் தயாரிக்கும். ஃபோக்ஸ்வேகனின் ஸ்கவுட் பிராண்டுக்கு வந்த முன்பதிவுகளிலும் பெரும்பாலானவை ஜெனரேட்டர் வைத்த வகைக்குத்தான்.

அமெரிக்க அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30 அன்று முடிந்ததைக் காரணமாகச் சொல்கிறார்கள். அது சந்தையைச் சாய்த்தது உண்மை. ஆனால் பவர்டிரெய்ன், அதாவது வண்டியை ஓட்டும் இன்ஜின், மோட்டார், பேட்டரித் தொகுப்புக்குக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த வண்டியின் சிக்கல் அதற்கு வெகுமுன்பே தெரியும். பேட்டரி அளவை வைத்து டிரெய்லர் இழுக்கும் வேலையைத் தீர்க்க முடியாது.

எண்களோடு பார்க்கலாம். லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட். மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ கணக்கில் முழு சார்ஜுக்கு 320 மைல். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் காலி வண்டிக்குச் சக்கரத்தில் 35 கிலோவாட் அளவில் தேவை. மோட்டார், கியர், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் இழப்புகளைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 40 எடுக்க வேண்டும். மூன்றேகால் மணி நேரம், 230 மைல். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது உள்ளே தங்கிப் பயணிக்கும், உயரமான பெட்டி போன்ற டிராவல் டிரெய்லர் ஒன்றை மாட்டுங்கள். எல்லோரும் அதன் எடையைத்தான் கேட்பார்கள். சமதரையில் எடை இரண்டாம்பட்சம், காற்றை மறிக்கும் அந்த முகப்புதான் முதல் எதிரி. காற்றுத் தடைக்கான பரப்பு மூன்று மடங்கை நெருங்குகிறது. தேவை 100 கிலோவாட்டைத் தாண்டுகிறது. 131 யூனிட் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதாவது 90 மைலுக்குள். வழியில் யாரும் பேட்டரியைச் சுழியம் வரை வற்றவிடுவதில்லை, நூறு வரை நிரப்புவதும் இல்லை. 80 சதவீதத்திலிருந்து 15 வரை என்று வைத்தால் நடைமுறையில் 60 மைலுக்கு ஒரு நிறுத்தம். 15-இலிருந்து 80-க்கு ஏற ஃபோர்டு சொல்லும் நேரம் 41 நிமிடம். ஐம்பது நிமிட ஓட்டத்துக்கு நாற்பது நிமிட சார்ஜ்.

அந்த நாற்பது நிமிடத்தோடும் முடிவதில்லை. பெரும்பாலான சார்ஜிங் இடங்கள் கார் மூக்கை நுழைக்கும் அளவுக்குத்தான் கட்டப்பட்டவை. நீளமான வண்டி நின்றால் பாதைக்குக் குறுக்கே நிற்கும். ஆகவே டிரெய்லரைக் கழற்ற வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, முன் ஜாக்கை இறக்குதல், எடையைப் பங்கிடும் கம்பிகளைக் கழற்றுதல், ஏழு முனை மின்செருகி, பாதுகாப்புச் சங்கிலிகள், அவசர பிரேக் கேபிள், கடைசியாக வண்டியின் பின்னால் உள்ள இழுவை உருண்டையிலிருந்து கொக்கியை விடுவித்தல். சார்ஜ் ஏறியபின் இத்தனையும் தலைகீழாக, மழையிலும்.

பேட்டரியைப் பெரிதாக்கலாமே என்றால் செவர்லே அதைச் செய்து காட்டியிருக்கிறது. அதன் மின்சார சில்வராடோ பிக்கப்பின் பெரிய பேட்டரி 205 யூனிட், வண்டி எடை 8,000 பவுண்டைத் தாண்டும். அதிலும் அதே டிரெய்லர் இரண்டு மணி நேரம்தான். எதிர்ப்பக்கக் கணக்கைப் பாருங்கள். ஒரு கேலன் பெட்ரோலில் 33.7 யூனிட் ஆற்றல் உண்டு. இன்ஜினும் ஜெனரேட்டரும் தின்றது போக 11, 12 யூனிட் மின்சாரமாக வரும். ராம் ரெவ்வின் 27 கேலன் தொட்டி கிட்டத்தட்ட 310 யூனிட். அந்தப் பெட்ரோலின் எடை 75 கிலோ. லைட்னிங்கின் 131 யூனிட் பேட்டரியோ 800 கிலோ. பெட்ரோல் நிரப்ப ஐந்து நிமிடம், டிரெய்லரைக் கழற்றவும் வேண்டாம்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு டெட்ராய்ட் வண்டிகளுக்குக் கணினி மாடல் ஓட்டும் நம்மவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. நம் ஊரில் பாரம் முதுகில் ஏறும், பின்னால் கட்டி இழுக்கப்படுவது குறைவு. அமெரிக்காவில் பிக்கப் வாங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று முறைதான் படகு இழுப்பார் என்றாலும், அந்த மூன்று முறைக்காகத்தான் வண்டியையே தேர்ந்தெடுக்கிறார்.

சரி, ஜெனரேட்டரை வைத்தாயிற்று. தவறு நடக்கும் இடம் இனிதான் வருகிறது. ஜெனரேட்டர் சராசரித் தேவைக்கு, பேட்டரி உச்சத்துக்கு என்பது அடிப்படை விதி. ராம் ரெவ்வில் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வி6 இன்ஜின், 130 கிலோவாட் ஜெனரேட்டர், 92 யூனிட் பேட்டரி. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தை நோக்கி ஏழு சதவீதம் வரையிலான ஏற்றத்தில் எட்டு மைல் அளவுக்கு ஏறுகிறது. வழி முழுவதும் ஏழு சதவீதம் என்றே வைப்போம். வண்டியும் டிரெய்லருமாக ஏழரை டன், மணிக்கு 60 மைல் என்றால் பேட்டரி முனையில் 230 கிலோவாட் கேட்கும். ஜெனரேட்டர் தருவது 130. மீதி 100 கிலோவாட், எட்டு நிமிடத்துக்கு. 13 யூனிட்டை பேட்டரி கொடுத்தாக வேண்டும்.

அந்த 13 யூனிட் மலையடிவாரத்தில் கையிருப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் வண்டி ஜெனரேட்டரின் வேகத்துக்கு இறங்கிவிடும். ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வைத்த பிஎம்டபிள்யூ ஐ3 என்ற சிறிய மின்சாரக் கார் இதை ஊரறியச் செய்து காட்டியது. அதிலிருந்தது 647 சிசி இன்ஜின். ஐரோப்பாவில் மிச்ச சார்ஜ் 75 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் ஓட்டுநரே அதை முடுக்கிவிடலாம். அமெரிக்க வண்டியில், கலிபோர்னியாவின் விதிக்குப் பொருந்துவதற்காக, பேட்டரி ஏறத்தாழ ஆறு சதவீதத்துக்கு வந்தபிறகே தானாக ஓடத் தொடங்கும். நீண்ட ஏற்றத்தில் அந்த ஆறு சதவீதம் கரைந்ததும் வண்டி தவழ்ந்தது, பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன, வழக்கும் வந்தது. அதே இன்ஜின், அதே பேட்டரி. கெடுத்தது, எப்போது முடுக்குவது என்ற ஒரு எண் மட்டுமே.

ஆகவே இழுவை மோடில் சார்ஜை ஒரு மட்டத்துக்கு மேலே பிடித்து வைக்க வேண்டும். 90 சதவீதத்தில் பிடித்தால் பாதுகாப்பு என்று தோன்றும், அது தப்பு. ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். அதே எட்டு மைல் இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி, ஏழு, எட்டு யூனிட் மின்சாரமாகத் திரும்பி வரும். நிரம்பிய பேட்டரி அதை வாங்காது, பாரம் முழுவதும் பிரேக் தட்டில் விழும். பெட்ரோல் ஊற்றாமல் ஜெனரேட்டரை மோட்டாராக்கி இன்ஜினைச் சுழற்றி அந்த மின்சாரத்தைச் செலவழிக்கும் உத்தி உண்டு, ஆனால் அது இறக்கத்தில் இன்ஜின் அலறுவதாக ஓட்டுநருக்குக் கேட்கும். 70 அளவில் பிடிப்பதே என் தேர்வு.

உயரத்தையும் மறந்துவிடக்கூடாது. அந்தச் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தி இழக்கும், அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சாதாரண ராமில் 305 குதிரைத்திறன் தரும் வி6-ஐ 130 கிலோவாட் ஜெனரேட்டருக்கு மாட்டியது ஆடம்பரம் என்று சிலர் எழுதினார்கள். அந்தத் தாராளம் மலை மேலே செலவாகிவிடும்.

வெப்பம் அடுத்த தலைவலி. 130 கிலோவாட் மின்சாரம் எடுக்கும்போது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்துக்குள் ஏறத்தாழ 110 கிலோவாட் வெப்பம் போகிறது. இன்ஜின் சுற்று 90 டிகிரிக்கு மேல், இன்வெர்ட்டர் சுற்று 65-க்குள், பேட்டரி 35-க்குள். மூன்றுக்கும் முகப்பில் இருப்பது ஒரே காற்றுவழி. ரேடியேட்டர்களின் வரிசை மாறினால் இன்வெர்ட்டர் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஓடும் இன்ஜினைவிட ஓடாத இன்ஜின் அதிகம் படுத்தும். தினமும் வீட்டில் சார்ஜ் போடுகிறவரின் இன்ஜின் மாதக்கணக்கில் தூங்கும். பெட்ரோல் பழசாகும். இரண்டு நிமிடம் ஓடி நின்றால் ஆயிலில் நீரும் பெட்ரோலும் சேரும். பேட்டரியும் பெட்ரோல் இன்ஜினும் கொண்ட செவர்லே வோல்ட் கார் ஆறு வாரம் ஓடாத இன்ஜினைத் தானே சில நிமிடம் ஓட்டும், தொட்டியில் உள்ளது ஒரு வருடப் பழசானால் எரித்துத் தீர்க்கும். அதே வகையான ஜீப் ரேங்ளர் 4எக்ஸ்இ-யிலும் இதே போன்ற மோடு உண்டு, புரியாத உரிமையாளர்கள் பழுது என்று சர்வீசுக்குக் கொண்டுவருவார்கள். முடுக்கினால் ஆயில் 80 டிகிரி தொடும்வரை நிறுத்தாதே என்று மென்பொருளில் எழுதலாம். அப்போது உருவாகும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடம் வேண்டும். இரவெல்லாம் சார்ஜ் ஏறிய வண்டியில் அது இருக்காது.

கடைசியாக, ராம் ரெவ் விளம்பரத்தில் வரும் 690 மைல். அதில் மின்சாரம் 145. மீதி 545-ஐ 27 கேலனால் வகுத்தால் கேலனுக்கு 20 மைல், சாதாரண பெட்ரோல் பிக்கப் தருவதுதான். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு நேரான இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மோட்டார் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழிந்து, பத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மேலேதான் சேர்கிறது. சீனாவின் பிஒய்டி ஷார்க் பிக்கப்பில் வேகம் பிடித்தபின் இன்ஜினைச் சக்கரத்தோடு இணைக்கும் வழி உண்டு, ராமில் அது இல்லை. வேலைக்குப் போக வர 60 மைல், இரவில் வீட்டுச் சார்ஜர், விடுமுறைக்கு டிரெய்லர் என்று ஓட்டுகிறவருக்கு இது பொருந்தும். செருகியைத் தொடவே மாட்டேன் என்பவர் 92 யூனிட் பேட்டரிக்கும் காசு கொடுத்து, அதே 20 மைலைத்தான் வாங்குகிறார்.