நாக்குக்கு அடியில் கரையும் மாத்திரை

கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கொடுத்த மருந்துகளில், ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரையான ஆக்ஸிகோடோனும் ஒன்று. முதல் இரண்டு வாரம் அது இல்லாமல் என்னால் கண் மூடியிருக்க முடியாது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். சிக்கல் எலும்பு கூடிய பிறகுதான் வந்தது. வலி குறைந்தது, மாத்திரை குறையவில்லை. காலையில் ஒன்று போடாவிட்டால் மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், முதுகெல்லாம் குடையும். காலில் இன்னும் மிச்சமிருக்கும் வலி என்றே நினைத்துக்கொண்டேன்.

நான் போன இடத்தில் மூன்று நிமிடத்தில் அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டாவது மாதத்தில், எழுதிக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு போட்டுக்கொண்டிருந்தேன். மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

நானே நிறுத்திவிடலாம் என்று முதலில் வீட்டிலேயே முயன்றேன். கடைசி மாத்திரைக்குப் பிறகு அரை நாள் கழித்து ஆரம்பித்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். வயிற்றுப்போக்கு, வியர்வை, உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிப்பு. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாது. கண்மணி விரிந்துபோய், ஜன்னல் வெளிச்சமே குத்தும். மூன்றாம் நாள் இரவு ஒரு மாத்திரை போட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிப்போனது. அந்த நிம்மதிதான் என்னை மறுபடி கட்டிப்போட்டது.

இரண்டாம் முறை, போதைப் பழக்கத்திலிருந்து தங்கி மீளும் மையம் ஒன்றில் சேர்ந்தேன். மருந்து எதுவும் கிடையாது, மனதை அடக்கு என்றார்கள். சரி என்று பதினோரு நாள் தாங்கினேன். உடம்பு தேறியது, எல்லோரும் பாராட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், பழைய சட்டைப்பையில் கிடந்த மாத்திரைகளை, பழைய கணக்கிலேயே மொத்தமாகப் போட்டேன்.

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மருந்தை விட்ட சில நாட்களிலேயே உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிடும். போன மாதம் சாதாரணமாக இருந்த அளவு இந்த மாதம் மூச்சையே நிறுத்தலாம். உடம்பைச் சுத்தப்படுத்தி வெளியே வந்த முதல் சில வாரங்கள், சிறையிலிருந்து விடுதலையான முதல் சில வாரங்கள், இவைதான் ஆபத்து மிகுந்த காலம். அந்த மையத்தின் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. மருந்து கொடுக்காததைக்கூட விட்டுவிடலாம். வாசல் வரை வந்து வழியனுப்பியவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம்.

அக்காதான் பார்த்தாள். குறட்டை வித்தியாசமாகக் கேட்டதாம். கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் நீண்ட இடைவெளி. உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் திறந்து பார்த்தால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி என்னைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் மூக்கில், ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்ஸோன் மருந்தை அடித்தார்கள். சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, வீட்டிலேயே இருக்கிறேன் என்று சண்டை போட்டேனாம். அவர்கள் விடவில்லை. நாலாக்ஸோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் நிற்கும். அது இறங்கிய பிறகும் உள்ளே மாத்திரை மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம். அன்று இரவு முழுக்கக் கண்காணிப்பில் இருந்தேன்.

காலையில் வந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு நாளாக, கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ உண்டா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். வைத்தியம் செய்ய மருந்து இருக்கிறது என்று சொல்லி, மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் இரண்டையும் விளக்கினார். எனக்குப் பொருத்தம் பியூப்ரினார்ஃபின் என்று முடிவானது. ஓபியாய்டு மூளையில் ஒட்டும் அதே இடத்தில் இதுவும் ஒட்டும், மற்றவற்றைவிட இறுக்கமாகவே ஒட்டும். ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். அதனால் மருந்தை விட்டதும் வரும் தவிப்பு அடங்கும். ஒரு அளவுக்கு மேல், கூடப் போட்டாலும் மூச்சை அடக்கும் விளைவு அதே அளவுக்கு ஏறிக்கொண்டே போகாது. மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மட்டும் இதுவும் ஆபத்துதான் என்பதை இரண்டு முறை சொன்னார்.

ஆனால் உடனே ஆரம்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்திலேயே நான் பழைய மாத்திரைக்குத் திரும்பியிருந்தேன். பழைய மருந்து உள்ளே இருக்கும்போது பியூப்ரினார்ஃபின் போட்டால், இது அதைப் பிடுங்கித் தள்ளிவிட்டு உட்காரும். மூன்று நாளில் வரவேண்டிய அவஸ்தை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதனால் தவிப்பு நன்றாகத் தொடங்கிய பிறகு வா என்றார். ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குக் கடைசி மாத்திரை, மறுநாள் காலை ஒன்பதுக்கு அவர் முன்னால் நான். பதினாறு மணி நேரம். நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி, கொட்டாவி, நடுக்கம், மயிர்க்கூச்செறிப்பு என்று பதினோரு விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு தாள் வைத்திருந்தார். எனக்கு 13 வந்தது. ஆரம்பிக்கலாம் என்றார்.

முதலில் 2 மில்லிகிராம். நாக்குக்கு அடியில் வைத்து, விழுங்காமல், பேசாமல் காத்திருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். கரைய ஏழெட்டு நிமிடம் ஆனது. கசப்போடு ஏதோ ஒரு பழச்சுவை. முக்கால் மணி நேரத்தில் காலின் தவிப்பு நின்றது. போதை இல்லை, மிதப்பு இல்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சாதாரணமாக இருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்று மொத்தம் 6, மறுநாள் 8. இன்றுவரை 8-ஐத் தாண்டவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது இன்னொரு தொல்லை. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா, இது எப்போது முடியும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அந்த மையத்தில் கூடவே இருந்த நண்பரும் அதையே கேட்டார். ஆரம்பத்தில் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. மூன்றாம் மாதம் நானே ரகசியமாகக் குறைக்கப் பார்த்தேன். டாக்டர் கண்டுபிடித்துவிட்டு, மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் 2005-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதைச் சொன்னார். இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களின் இறப்பு, இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. அதைவிட என்னை உலுக்கியது, சிகிச்சையைத் திடீரென விட்டவர்களுக்கு அந்த ஆபத்து உடனே திரும்பி ஏறுகிறது என்பதுதான். பழைய சட்டைப்பை நினைவுக்கு வந்தது. அதோடு ரகசியக் குறைப்பை விட்டேன்.

வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் பேசுவதும் உண்டு. எனக்கு அது உதவியது, ஆனால் மாத்திரை என்னைத் தரையில் நிற்க வைத்த பிறகுதான் உதவியது. தவிப்பில் கால் உதறிக்கொண்டிருக்கும் ஆளிடம் யார் என்ன பேசினாலும் காதில் ஏறாது.

நாலாக்ஸோன் ஸ்ப்ரே இரண்டு இப்போது அக்காவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் கையில் அது இருக்க வேண்டும் என்று 2014-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் தனக்குத் தானே அடித்துக்கொள்ள முடியாதே.

இரண்டு வருடம் ஆகிறது. மாத்திரை கரைந்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இது பல்லைக் கெடுக்கும் என்பதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மறுபடி ஒரு வலி, மறுபடி ஒரு மருந்துச்சீட்டு என்று நினைத்தாலே வயிறு கலங்கியது. பல் டாக்டரிடம் முதல் வார்த்தையாகவே, பியூப்ரினார்ஃபினில் இருக்கிறேன், எனக்கு ஓபியாய்டு எழுத வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மரத்துப்போக ஊசியும் அப்புறம் இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் போதும், உன் மாத்திரையை அன்றைக்கும் நிறுத்தாதே என்றார். பல் எடுப்பது வியாழக்கிழமை. அக்கா லீவு போட்டிருக்கிறாள்.