கொடிக்கயிறு ஏன் தொய்கிறது? மாடிப்படிக்குக் கீழே மூன்று வாரம்

பாம்பனில் எங்கள் மொட்டைமாடியில் கட்டிய நைலான் கொடிக்கயிறு மூன்றாவது முறையாகத் தொய்ந்து, துவைத்த போர்வை தரையைக் கூட்டியபோதுதான் எனக்கு ரோஷம் வந்தது. முடிச்சு இளகுகிறது என்றே நினைத்திருந்தேன். முடிச்சை ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். ஒரு வாரம் கழித்தும் கோடு நகரவில்லை. அப்படியானால் நீள்வது கயிறேதான்.

சரி, அளந்துவிடலாம் என்று ஒரு மீட்டர் நைலான் தூண்டில் நரம்பை (0.40 மி.மீ.) மாடிக் கம்பியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். பாம்பன் காற்று சும்மா விடுமா? பாட்டில் ஊஞ்சலாடிச் சுவரில் உரசி, அரைமணியில் நரம்பு அறுந்தது. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே இடம் மாற்றினேன்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பாட்டிலை மாட்டிய கையோடு 34 மி.மீ. நீண்டது. ஒரு நிமிடத்தில் 36, பத்தில் 39, நூறில் 42. காலம் பத்து மடங்கானால் இன்னொரு 3 மி.மீ. அந்தக் கணக்குப்படி மறுநாள் காலை எட்டு நாற்பதுக்கு, அதாவது ஆயிரமாவது நிமிடத்தில், 45 வந்திருக்க வேண்டும். டேப் 47 காட்டியது. ராத்திரி ஐப்பசி மழை. நைலான் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் மூலக்கூறுச் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்திவிடும். பக்கத்தில் சும்மா தொங்கவிட்டிருந்த பருத்திக் கயிறோ 4 மி.மீ. குறைந்திருந்தது! இழைகள் ஊதிப் பெருத்ததில் முறுக்கு இறுகி, கயிறு குட்டையாகிவிட்டது.

ஐந்தாம் நாள் பாட்டிலைக் கழற்றினேன். நீண்டதில் பெரும்பகுதி உடனே திரும்பியது, கொஞ்சம் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பியது. 8 மி.மீ. மட்டும் ஒரு வாரமாகியும் திரும்பவே இல்லை. 1835இலேயே ஜெர்மனியின் வில்ஹெல்ம் வெபர் பட்டு நூலில் இதைக் கவனித்திருக்கிறார்: எடை ஏற்றியதும் ஒரு நீட்சி, பிறகு மெல்ல மெல்ல இன்னொன்று, இறக்கினால் சுருங்குவதும் அதே சாவகாசத்தில்தான்.

கொடிக்கயிற்றில் நடப்பது இதன் மறுபக்கம். கொக்கிக்குக் கொக்கி தூரம் மாறாது, விறைப்புதான் வடிந்துபோகிறது. இழுத்துக் கட்டியதும் சுண்டினால் 'டிங்' என்றது, விடிந்ததும் அதே கயிறு 'டொம்' என்றது. அதன் மேல் ஈரத்துணி பாரமும் ஏறினால் தொய்யாமல் என்ன செய்யும்?

வலை பொத்திக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புதுக் கயித்த நனைச்சு, பாரம் கட்டி ரெண்டு நாள் தொங்கவிட்டுட்டுக் கட்டணும்டா. இதுக்கா மூணு வாரம்?"

அப்படியே செய்து மறுபடி கட்டியிருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஆகிறது. போர்வை தரைக்கு ஒரு சாண் மேலேயே நிற்கிறது. பாலியெஸ்டர் அவ்வளவாக ஈரம் குடிக்காது என்பதால் அதிலும் ஒரு மீட்டர் வாங்கி, நேற்று அதே பாட்டிலை மாட்டியிருக்கிறேன்.